வராத செஷனுக்குக் கட்டணம் வாங்குவது எப்படி: புதிய உளப்பகுப்பாய்வு தெரபிஸ்ட்டுகளுக்கு முழுமையான வழிகாட்டி

குறித்த கிழமை, குறித்த மணி என்று வாரம் ஒருமுறையோ இருமுறையோ வரும் கிளையன்ட்டுகளோடு தனியாக கிளினிக் நடத்துபவர்களுக்கு இதை எழுதுகிறேன். அரசு மருத்துவமனையிலோ இலவச மையத்திலோ வேலை செய்பவர்களுக்கு இது அப்படியே பொருந்தாது. அங்கே பணத்துக்குப் பதிலாக வருகையைப் பற்றிய வேறு ஒப்பந்தம் வேண்டும்.

சூப்பர்விஷனுக்கு, அதாவது தங்கள் கேஸ்களை அனுபவமுள்ள ஒருவரோடு பேசிக் கற்றுக்கொள்ள, வரும் புதியவர்களிடம் ஒரே தடுமாற்றத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். முதல் கிளையன்ட் முதல்முறை வராமல் போன பிறகுதான் 'இதற்குக் காசு கேட்கலாமா' என்று யோசிக்கிறார்கள். அப்போது கேட்டால் அது தண்டனையாகத் தெரியும், கேட்காமல் விட்டால் உள்ளே ஒரு மனக்குறை தங்கிவிடும். முன்கூட்டிச் செய்ய வேண்டிய வேலைகள் நிறைய இருக்கின்றன. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. விதியை முதலில் உங்களுக்குள் முடிவு செய்யுங்கள்

புழக்கத்தில் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, நேரத்தை வாடகைக்கு எடுத்துக்கொள்வது போன்ற ஏற்பாடு. செவ்வாய் மாலை 6 மணி ஒருவருடையது என்றால், அவர் வந்தாலும் வராவிட்டாலும் கட்டணம் உண்டு. காரணம் கேட்பதில்லை. உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த ஃப்ராய்ட் 1913-இல் சிகிச்சையைத் தொடங்குவது பற்றி எழுதிய கட்டுரையில் இந்த முறையைத்தான் சொல்கிறார். விதியைத் தளர்த்தினால் 'தற்செயலான' தடைகள் பெருகுகின்றன, கறாராக இருந்தால் அவை அரிதாகிவிடுகின்றன என்பது அவர் கண்டது. அவருக்குப் பின் வந்த உளப்பகுப்பாய்வாளர் ஃப்ரீடா ஃப்ரொம்-ரைக்மன் இதை ஏற்கவில்லை. தராத சேவைக்குப் பணம் வாங்குவது நம் சமூகத்தில் வழக்கமில்லையே என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியை உங்கள் கிளையன்ட்டும் ஒருநாள் கேட்பார், பதிலோடு இருங்கள்.

இரண்டாவது, 24 அல்லது 48 மணி நேரத்துக்கு முன் சொன்னால் கட்டணம் இல்லை என்பது. பல் மருத்துவர் மாதிரி, ஒருவர் போனால் இன்னொருவரை அழைக்கக்கூடிய இடங்களுக்கு இது சரி. நம்முடைய வேலையில், வியாழன் காலை 8 மணி ஒரே ஒரு வாரம் காலியானால் அதில் புதிதாக யாரை உட்கார வைப்பீர்கள்? முன்கூட்டிச் சொன்னாலும் அந்த நேரம் வீணாகத்தான் போகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. 23 மணி நேரத்துக்கு முன் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் ஏற்பதா, மறுப்பதா? ஒவ்வொரு தடவையும் நீங்கள் நீதிபதியாக உட்கார வேண்டிவரும்.

மூன்றாவது, வர முடியாத செஷனை அதே வாரத்தில் வேறு நேரத்துக்கு மாற்ற முயல்வது. இடம் கிடைத்தால் மாற்றலாம், கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டு.

புதியவர்களுக்கு நான் சொல்வது முதலாவதையும் மூன்றாவதையும் சேர்த்த வடிவம்: நேரம் கிளையன்ட்டுடையது, வராவிட்டாலும் கட்டணம் உண்டு, முன்கூட்டிச் சொன்னால் அந்த வாரத்துக்குள் மாற்று நேரம் தர முயல்வேன். இதில் யாருடைய காரணம் உண்மை, யாருடையது சாக்கு என்று நீங்கள் எடைபோட வேண்டியதில்லை. காரணத்தைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் வேலை காரணத்துக்குத் தீர்ப்புச் சொல்லும் வேலையோடு கலக்காமல் இருக்கும். இந்த விதியின் முழுப் பயனே அதுதான் என்பேன்.

2. கட்டணத்தை அந்த விதியோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்

ஒரு செஷனுக்கு 1,500 ரூபாய், வாரம் இரண்டு செஷன் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வார மாதத்துக்கு 12,000. இந்தக் கிளையன்ட் மூன்று செஷன் வராத மாதத்திலும் 12,000 கட்ட முடியுமா? முடியாது என்றால் உங்கள் கட்டணம் அவருக்கு அதிகம். அதை இப்போதே குறையுங்கள் அல்லது வாரம் ஒருமுறை என்று வையுங்கள்.

குறைந்த கட்டணத்தில் வருபவருக்கு வராத செஷனும் அதே குறைந்த கட்டணம்தான். 600 ரூபாய் தருபவரிடம் வராத நாளுக்கு 1,500 கேட்டால் அது அபராதம்.

'வராவிட்டால் பாதி' என்று வைப்பவர்கள் உண்டு. மென்மையாகத் தெரிந்தாலும் வேண்டாம். வராமல் இருப்பதற்கு ஒரு தள்ளுபடி விலை ஆகிவிடுகிறது, சிரமமான விஷயம் மேலே வரும் வாரத்தில் அந்த விலை கவர்ச்சியாகத் தெரியும்.

விடுப்பையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். நீங்கள் இல்லாத வாரத்துக்குக் கட்டணம் கிடையாது, இதில் பேச்சே இல்லை. கிளையன்ட்டுக்கும் வருடத்துக்கு இரண்டு வாரம், ஒரு மாதம் முன்னதாகச் சொன்னால் கட்டணம் இல்லை என்று வைக்கலாம். உங்கள் விடுப்பு ஐந்து வாரம், அவருடையது இரண்டு என்றால் 52-இல் 45 வாரம் மிஞ்சுகிறது. உங்கள் வருட வருமானத்தை 45-ஐ வைத்தே போடுங்கள். 52-ஐ வைத்துப் போட்டவர்தான் மார்ச் மாதம் கையைக் கடிக்கும்போது விதியை இறுக்கப் பார்ப்பார்.

3. ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்

ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம், யாரும் படிக்க மாட்டார்கள். கிளையன்ட் தமிழில் பேசுபவர் என்றால் தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு தகராறு வந்தால், 'படிச்சேன், சரியா புரியலை' என்பார். அது உண்மையாகவும் இருக்கும்.

நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

"செவ்வாய் மாலை 6 முதல் 6.50 வரை உங்களுக்காக ஒதுக்கப்பட்ட நேரம். அந்த நேரத்தில் நான் வேறு யாரையும் பார்ப்பதில்லை. நீங்கள் வர முடியாத நாளுக்கும் வழக்கமான கட்டணம் உண்டு. முன்கூட்டிச் சொன்னால் அதே வாரத்தில் வேறு நேரம் தர முயல்வேன், ஆனால் உறுதி தர முடியாது. நான் விடுப்பில் இருக்கும் நாள்களுக்குக் கட்டணம் இல்லை."

இதோடு, தாமதமாக வந்தாலும் செஷன் குறித்த நேரத்தில் முடியும், மாதாந்திர பில் என்றைக்கு, கட்ட வேண்டிய கடைசித் தேதி, அவசரத்தில் யாரைத் தொடர்புகொள்வது, சிகிச்சையை நிறுத்த நினைத்தால் எத்தனை செஷன் முன்னதாகச் சொல்வது என்பவற்றையும் சேருங்கள்.

பண்டிகைகளுக்குத் தனி வரி வேண்டும். தீபாவளி செவ்வாயில் வந்தால் கிளினிக் திறந்திருக்குமா? நீங்கள் சொல்லாமல் விட்டு, அவர் வராமல் இருந்து, நீங்கள் பில் போட்டால் அது அநியாயம். வருடத் தொடக்கத்தில் மூடும் நாள்களின் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள். ரமலானில் மாலை செஷன் நோன்பு திறக்கும் நேரத்தோடு மோதும். அந்த ஒரு மாதத்துக்கு நேரத்தை மாற்றுவதை முன்பே பேசிவிட்டால் நான்கு வராத செஷன்களைத் தவிர்க்கலாம்.

வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் வரும் தமிழர்களுக்கு நேரம் இந்திய மணியில் நிற்கிறதா, அவர்கள் ஊர் மணியிலா என்று எழுதுங்கள். பிரிட்டனில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறிலும், அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறிலும் நவம்பர் முதல் ஞாயிறிலும் கடிகாரம் மாறும். அந்த வாரத்தில் ஒரு மணி நேரம் தவறி வருபவரிடம் 'மறதியின் பொருள் என்ன' என்று ஆராய்வது வீண் வேலை. முந்தைய செஷனிலேயே நினைவூட்டுங்கள்.

4. வாயால் சொல்லுங்கள், முறையான சிகிச்சை தொடங்குவதற்கு முன்

முதல் இரண்டு மூன்று சந்திப்புகள் ஒருவரையொருவர் அறிவதற்கானவை. அவற்றுக்கு இந்த விதி கிடையாது. வாராந்திர நேரம் முடிவான அன்று தாளைக் கொடுத்து, கட்டணப் பகுதியை மட்டும் சத்தமாகச் சொல்லுங்கள். செஷனின் கடைசி ஐந்து நிமிடத்தில் சொல்லாதீர்கள். பதிலுக்கு இடம் இல்லாமல் போய்விடும்.

நம் ஊரில் பெரும்பாலோர் உடனே 'சரிங்க மேடம்', 'ஓகே சார்' என்று தலையாட்டிவிடுவார்கள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதுதான் இந்தப் படியின் பெரிய தவறு. டாக்டர் ஸ்தானத்தில் இருப்பவரிடம் பணத்தைப் பற்றி மறுத்துப் பேசுவது மரியாதைக்குறைவு என்று வளர்ந்தவர்கள் நாம். அதனால் ஓர் உதாரணத்தை எடுத்து அவரையே சொல்ல வையுங்கள்:

"திங்கள் ராத்திரி உங்களுக்குக் காய்ச்சல், செவ்வாய் வர முடியலை. இந்த ஏற்பாட்டுப்படி என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க?"

"காசு கட்டணுமா? உடம்பு சரியில்லைன்னாலுமா?"

"ஆமா. அதைக் கேட்கும்போது எப்படி இருக்கு?"

இந்தக் கேள்விக்கு வரும் பதிலில்தான் வேலை தொடங்குகிறது. கோபம் வந்தால் நல்லது, பேசலாம். புரியாமல் விழித்தால், பள்ளி வேன் கட்டணத்தைச் சொல்லிப் பாருங்கள்: பிள்ளை மூன்று நாள் லீவு போட்டாலும் வேனில் அந்த இருக்கை அந்தப் பிள்ளைக்குத்தான், மாதக் கட்டணம் குறைவதில்லை. பெரும்பாலோருக்கு இது உடனே புரிகிறது.

யோசிக்க நேரம் கேட்டால் கொடுங்கள். இந்த விதி ஒத்துவராது என்று ஒருவர் விலகினால், வேறு ஏற்பாடு உள்ள ஒருவரிடம் அனுப்பிவையுங்கள். ஆளை இழந்துவிடுவோம் என்ற பயத்தில் அங்கேயே விதியை வளைத்தால், பிறகு அவர் எங்கே அழுத்தினாலும் வளைவீர்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

5. பணம் யார் கையிலிருந்து வருகிறது என்று கேளுங்கள்

கல்லூரிப் பெண்ணுக்கு அப்பா கட்டுவார், மனைவிக்குக் கணவர் கட்டுவார், அம்மாவுக்கு வெளிநாட்டு மகன் அனுப்புவார். பில்லில் '12-ஆம் தேதி வரவில்லை' என்று இருந்தால் அந்த ஒரு வரி வீட்டில் விசாரணையைக் கிளப்பும். 'செவ்வாய் சாயங்காலம் எங்க போன?' என்ற கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காக்கப்படும் உரிமையைப் பிரிவு 23-இல் தருகிறது. அப்பா பணம் கட்டுவதால் வருகைப் பதிவேட்டைப் பார்க்கும் உரிமை அவருக்கு வந்துவிடாது.

எனவே, வேறொருவர் கட்டும்போது அவருக்குப் போகும் பில்லில் மாதத் தொகை மட்டும் இருக்கட்டும். தேதிவாரி விவரம் கிளையன்ட் கையில் கொடுங்கள். வராவிட்டாலும் கட்டணம் உண்டு என்ற விதியைப் பணம் கட்டுபவருக்கும் தொடக்கத்திலேயே, கிளையன்ட்டின் அனுமதியோடு தெரிவியுங்கள்.

அலுவலகத்திலோ காப்பீட்டிலோ பணத்தைத் திரும்பப் பெறுபவர் என்றால் நிலைமை வேறு. அந்த ரசீதில் வராத நாளை நடந்த செஷனாக ஒருபோதும் காட்டாதீர்கள். 'சும்மா போட்டுக் கொடுங்க, கம்பெனிதானே தருது' என்று கேட்பார்கள். அது பொய்க் கணக்கு. நடந்த செஷன்களுக்கு ஒரு ரசீது, வராத நாளுக்குத் தனி ரசீது, இரண்டாவது அவர் சொந்தச் செலவு. இதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

6. அவர் வராத அந்த ஐம்பது நிமிடம்

அறையிலேயே இருங்கள். ஆன்லைன் என்றால் லிங்க்கைத் திறந்து வைத்திருங்கள். 40-ஆவது நிமிடத்தில் ஓடி வந்து கதவைத் தட்டுபவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பத்து நிமிடம் சில சமயம் ஒரு மாதத்து வேலைக்குச் சமம்.

அந்த நேரத்தில் வேறொருவரைப் பார்த்துவிட்டு இவரிடமும் கட்டணம் வாங்கக் கூடாது. மாற்று நேரம் தேடும் இன்னொரு கிளையன்ட்டை அதில் உட்கார வைத்தால், இவருடைய கட்டணத்தைத் தள்ளுபடி செய்துவிடுங்கள். நேரம் உங்களுக்காகக் காத்திருந்தது என்று சொல்வது உண்மையாக இருந்தால்தான் இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கும்.

15 நிமிடம் கழித்து ஒரே ஒரு செய்தி அனுப்பலாம்: 'இன்று உங்களைப் பார்க்கவில்லை. அடுத்த செவ்வாய் 6 மணிக்குச் சந்திப்போம்.' பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். கட்டணத்தை வாட்ஸ்அப்பில் நினைவூட்டினால் மொத்தப் பேச்சும் அங்கேயே நடந்து முடிந்துவிடும், செஷனுக்கு எதுவும் மிஞ்சாது.

தற்கொலை எண்ணம் பற்றிப் பேசியிருக்கும் கிளையன்ட் வராவிட்டால் இந்த நிதானம் எல்லாம் பொருந்தாது. உடனே அழையுங்கள், எடுக்காவிட்டால் தாளில் உள்ள அவசரத் தொடர்பை அழையுங்கள்.

மிஞ்சிய நேரத்தில் குறிப்பு எழுதுங்கள்: கடந்த செஷனில் என்ன பேசினோம், எந்த இடத்தில் மௌனம் வந்தது, என் விடுப்பு ஏதும் அருகில் இருக்கிறதா. உங்கள் விடுப்புக்கு முந்தைய வாரமோ பிந்தைய வாரமோ வராமல் போவது மிகவும் சாதாரணம். உங்கள் மனநிலையையும் எழுதுங்கள். நிம்மதியாக இருந்ததா? அதுவும் அந்தக் கிளையன்ட்டைப் பற்றி ஏதோ சொல்கிறது.

7. திரும்பி வரும் செஷன்

இந்தப் படியில் அவசரம் ஆகாது. 'போன வாரத்துக்கும் ஃபீஸ் உண்டு, தெரியும்ல' என்று தொடங்காதீர்கள். அவர் எங்கே தொடங்குகிறார் என்று பாருங்கள். காரணத்தைச் சொல்கிறாரா, மன்னிப்புக் கேட்கிறாரா, எதுவுமே நடக்காதது போல அலுவலகக் கதைக்குப் போகிறாரா?

அவர் தொடவே இல்லை என்றால் பாதி நேரம் போன பிறகு நீங்கள் தொடலாம்: 'போன செவ்வாய் பற்றி இன்னும் எதுவும் பேசலையே நாம.' இந்த ஒரு வாக்கியம் போதும்.

வரும் எதிர்வினைகள் பல வகை. 'நீங்களும் காசுக்குத்தானே பார்க்கிறீங்க' என்பவர் இருக்கிறார். இதைக் கேட்டதும் புதியவர்கள் பதறி விளக்கம் கொடுப்பார்கள், அல்லது 'உங்க அப்பா மேல இருக்கிற கோபத்தை என் மேல காட்டுறீங்க' என்று பாய்வார்கள். இரண்டும் வேண்டாம். நீங்கள் உண்மையிலேயே அவரிடம் பணம் வாங்குகிறீர்கள். அந்த உண்மையை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள்: 'ஆமா, நான் பணம் வாங்குறேன். வராத நாளுக்கும் வாங்குறேன். அது உங்களுக்குக் கோபம் வர்ற விஷயமா இருக்கு.' இதற்கு அப்புறம் அவர் தொடர்ந்து பேசும்போதுதான், கணக்குப் பார்த்து அன்பு காட்டிய ஒருவர், அல்லது காசைக் கொடுத்துவிட்டுக் காணாமல் போன ஒருவர், பேச்சுக்குள் தானாக வருவார். பழைய உறவுகளின் சூடு நம் மேல் விழுவது நிஜம்தான், ஆனால் அதைப் பணம் வசூலிக்கும் கருவியாகப் பயன்படுத்தினால் கிளையன்ட் சரியாகவே கண்டுபிடித்துவிடுவார்.

இன்னொருவர் மறுநாளே, கேட்காமலே, ஜிபேயில் அனுப்பிவிடுவார். பிரச்சினை இல்லை என்று நகர்ந்துவிடாதீர்கள். கடன் வைத்தால் உறவு முறிந்துவிடும் என்று பயந்து வாழ்பவராக இருக்கலாம். வராததற்கான குற்ற உணர்வைக் காசு கொடுத்துத் தீர்த்துக்கொள்பவராகவும் இருக்கலாம். 'காசுதான் கொடுத்துட்டேனே' என்று அடிக்கடி வராமல் இருப்பவரிடம் கட்டணமே பேச்சைத் தடுக்கும் சுவர் ஆகிவிடுகிறது. அங்கே பணம் ஒழுங்காக வருவதைப் பார்த்து நீங்கள் திருப்தியடைந்தால் சிகிச்சை நின்றுபோயிருப்பது தெரியாமலே ஆறு மாதம் போய்விடும்.

மூன்றாவது வகை, அழுதுகொண்டே கெஞ்சுபவர். இங்கேதான் நம் கை தளரும். அன்றைக்கே 'சரி, இந்த ஒருமுறை விட்டுவிடலாம்' என்று சொல்லாதீர்கள். விட வேண்டியதுதான் என்று தோன்றினாலும் ஒரு வாரம் யோசித்து, சூப்பர்விஷனில் பேசி, பிறகு சொல்லுங்கள். அழுகை நின்ற உடனே கிடைக்கும் சலுகை அவருக்கு என்ன சொல்லிக் கொடுக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

8. பில்

மாதக் கடைசிச் செஷனில் கிளையன்ட் கையில் கொடுங்கள், வந்த நாள்களும் வராத நாளும் ஒரே பட்டியலில், ஒரே தொகையில். வராத நாளுக்குச் சிவப்பு எழுத்து, தாமதத்துக்கு வட்டி எதுவும் வேண்டாம். ஜிபே, போன்பே வழியாக வாங்கினால், அவர் வங்கிக் கணக்கில் என்ன பெயர் தெரியும் என்று பாருங்கள். கிளினிக் பெயரில் 'மனநலம்' என்று இருந்து, கூட்டுக் கணக்கு என்றால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ரொக்கமாகத் தர விரும்பினால் வாங்கி ரசீது கொடுங்கள்.

9. விதிவிலக்குகளை வகை பிரித்து வையுங்கள்

கடுமையான விதி எல்லாவற்றையும் தாங்காது. எனக்குச் சரியென்று படும் கோடு இது: ஒருநாள் தவறுவது விதிக்குள், வாழ்க்கையே தடம் மாறுவது விதிக்கு வெளியே.

காய்ச்சல், உறவினர் கல்யாணம், பிள்ளையின் பரீட்சை, ஆபீஸ் மீட்டிங் எல்லாம் விதிக்குள். நெருங்கியவரின் சாவு, அறுவை சிகிச்சை, பிரசவம் ஆகியவை வெளியே. நீண்ட உடல் நோயில் ஃப்ராய்டே சிகிச்சையை நிறுத்தி, அந்த நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்து, குணமான பின் இடம் இருந்தால் திரும்பச் சேர்த்துக்கொண்டார். மூன்று வாரம் மருத்துவமனையில் கிடப்பவருக்கு பில் அனுப்பச் சொல்லும் எந்த மரபும் இல்லை. நேரத்தை எத்தனை வாரம் பிடித்து வைப்பீர்கள் என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள்.

ஊரே நின்றுபோனால் கட்டணம் கிடையாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் கரண்ட்டும் போனும் இல்லாமல் கிடந்தவர்களிடம் 'நேரம் உங்களுடையதுதானே' என்று சொல்ல முடியாது. கிளினிக் இருக்கும் தெருவில் நீங்களே நடந்து போக முடியாத நாள், உங்கள் விடுப்பு நாள். சாதாரண மழைக்கு, போனிலோ வீடியோவிலோ செஷன் வைக்கலாம் என்று முன்பே ஒத்துக்கொண்டிருங்கள்.

10. பாக்கி சேரும்போது

இரண்டு மாதப் பாக்கிக்கு மேல் போக விடாதீர்கள். தொகை பெரிதானால் அவர் பேசக் கூசுவார், நீங்கள் கேட்கக் கூசுவீர்கள், கடைசியில் வராமலே போய்விடுவார். முதல் மாதம் தவறியதுமே செஷனில் பேசுங்கள். வேலை போயிருந்தால் கட்டணத்தை இனி வரும் செஷன்களுக்குக் குறையுங்கள், பழைய பாக்கியைத் தவணையாகப் பிரியுங்கள். பாக்கிக்காக அவருக்குத் தேவையான சான்றிதழையோ அறிக்கையையோ பிடித்து வைக்காதீர்கள்.

சொல்லாமல் நின்றுவிட்டவருக்கு நேரத்தை எவ்வளவு காலம் வைத்திருந்து எவ்வளவு பில் போடுவது? என் வழக்கம் இரண்டு வாரம். இரண்டாவது வாரமும் வராவிட்டால் ஒரு கடிதம்: 'இரண்டு செவ்வாயும் உங்களுக்காகக் காத்திருந்தேன். அடுத்த செவ்வாயும் உங்களுக்காக இருக்கும், அதற்குக் கட்டணம் இல்லை. வந்து பேசினால் நல்லது. அதற்குப் பிறகு இந்த நேரத்தை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.' அந்த இரண்டு செஷனோடு கணக்கை முடித்துவிடுங்கள். ஆறு வாரம் சத்தமில்லாமல் கணக்கேற்றி மொத்தமாக பில் அனுப்புவது, அவர் திரும்பி வருவதற்கான கதவை நீங்களே சாத்துவது.

11. ஏற்கனவே விதி இல்லாமல் வருபவர்களுக்கு

இதைப் படித்துவிட்டு அடுத்த வாரமே பழைய கிளையன்ட்டுகளிடம் விதியைப் போடாதீர்கள். குறைந்தது இரண்டு மாத அவகாசம் கொடுத்து ஒரு தேதியைச் சொல்லுங்கள், அந்தத் தேதிக்கு முன் தவறிய எதற்கும் கேட்காதீர்கள். எல்லோருக்கும் ஒரே மாதத்தில் மாற்றுங்கள். ஒருவரிடம் மட்டும் தொடங்கினால், அவர் அடிக்கடி வராததற்குத்தான் இந்த விதி என்று அவர் நினைப்பார். பெரும்பாலும் அவர் நினைப்பது சரியாகவும் இருக்கும். பிறகு படி 4-இல் சொன்ன பேச்சை ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து நடத்துங்கள். மூன்று வருடமாக வருபவராக இருந்தாலும் காய்ச்சல் உதாரணத்தைச் சொல்ல வைக்காமல் விடாதீர்கள்.